சார்ஜ் இருந்தும் கேமரா ஏன் அணைகிறது?

பவர் பட்டனை அழுத்தியதும் லென்ஸ் பாதி தூரம் வெளியே வந்து நின்றுவிடுகிறது. திரையில் சிவப்பு பேட்டரிக் குறி ஒருமுறை சிமிட்டுகிறது, உடனே எல்லாம் அணைந்துவிடுகிறது. இத்தனைக்கும் முந்தின இரவுதான் முழுக்க சார்ஜ் ஏற்றிய பேட்டரி. சின்ன டிஜிட்டல் கேமராக்களில் அடிக்கடி வரும் கோளாறு இது. பேட்டரி காலி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பல நேரங்களில் அது காலியாகியிருக்காது.

பேட்டரிக்குள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது பெரும்பாலான காம்பாக்ட் கேமராக்களுக்கு நேரடியாகத் தெரியாது. பேட்டரியின் உலோக முனைகளில் அந்த நொடி இருக்கும் வோல்டேஜை வைத்துத்தான் அவை கணிக்கின்றன. ஒற்றை செல் லித்தியம் அயான் பேட்டரி முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். பயன்பாட்டின் நடுவில் 3.7 வோல்ட்டை ஒட்டி நிற்கும். 3 வோல்ட் பக்கம் இறங்கினால் கேமரா தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். இதில் சிக்கல் என்னவென்றால், லென்ஸ் மோட்டார் ஓடும்போதும், பிளாஷுக்கான மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் நிரம்பும்போதும் கேமரா இழுக்கும் மின்னோட்டம் திடீரென்று எகிறும். பேட்டரிக்கு உள்ளேயே ஒரு மின்தடை உண்டு. அது புதிய பேட்டரியில் 0.1 ஓம், பல வருடம் உழைத்ததில் 0.5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 1.5 ஆம்பியர் இழுத்தால் புதியதில் 0.15 வோல்ட் விழும், பழையதில் 0.75 வோல்ட் விழும். 3.7 வோல்ட்டில் இருந்த பழைய பேட்டரி அந்தக் கணத்தில் 2.95 வோல்ட்டுக்கு வந்துவிடும். கேமரா அணைந்ததும் சுமை போய்விடுவதால் வோல்டேஜ் மறுபடி ஏறிவிடும். ஐந்து நிமிடம் கழித்து ஆன் செய்தால் இன்னும் இரண்டு படம் எடுக்க முடிவது இதனால்தான்.

ஆகவே சும்மா இருக்கும் பேட்டரியை மல்டிமீட்டரில் பார்த்து 4.1 வோல்ட் வந்தால், சார்ஜர் வேலை செய்கிறது என்பது மட்டுமே உறுதி. பேட்டரி நல்லதா என்பதற்கு வேறு சோதனை வேண்டும். முழு சார்ஜ் ஏற்றி, எடுத்த படங்களைத் திரையில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அது தாங்கி, பிளாஷ் போட்டவுடன் அணைந்தால் எங்கோ தடை கூடியிருக்கிறது.

எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. புது பேட்டரி வாங்கும் முன் முனைகளைப் பாருங்கள். அங்கே 0.3 ஓம் அளவுக்கு அழுக்குப் படிந்தாலே அதே 1.5 ஆம்பியரில் 0.45 வோல்ட் காணாமல் போகும். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக்குச்சியை லேசாக நனைத்து, பேட்டரி முனைகளையும் கேமராவின் உள்ளே இருக்கும் முனைகளையும் துடைத்து, காயவிட வேண்டும். பென்சில் அழிப்பானைப் பேட்டரிப் பக்கம் மட்டும் பயன்படுத்தலாம். கேமராவுக்குள் அதன் துகள் விழும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். மேற்பூச்சு போய்விட்டால் அழுக்கு இன்னும் வேகமாகப் பிடிக்கும். பிளஸ், மைனஸ் தவிர பல பேட்டரிகளில் மூன்றாவதாக ஒரு முனை இருக்கும். வெப்பநிலையைச் சொல்வது அதுதான். அதைத் துடைக்காமல் விட்டுவிட்டால் சில சார்ஜர்கள் விளக்கைச் சிமிட்டிவிட்டு சார்ஜ் ஏற்ற மறுக்கும்.

ஏஏ செல் போடும் கேமராக்களில் இதே கணக்கு இன்னும் வேடிக்கையாக வெளிப்படும். 1.5 வோல்ட் ஆல்கலைன் செல்லைவிட ரீசார்ஜ் செய்யக்கூடிய 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் அதிகப் படம் தரும். ஆல்கலைனின் உள்தடை பல மடங்கு அதிகம் என்பதால் பிளாஷ் நிரம்பும்போது அது படுத்துவிடும். மெனுவில் பேட்டரி வகையைத் தேர்வு செய்யும் வசதி இருந்தால் சரியாக அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் நன்றாக இருக்கும் ரீசார்ஜ் செல்லையும் கேமரா காலி என்று சொல்லும். பழையதும் புதியதும் கலந்து போடக்கூடாது. முனையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஆல்கலைன் செல் கசிந்திருக்கிறது. அது காரம். கையுறை போட்டு, பஞ்சுக்குச்சியில் ஒரு துளி வினிகர் தொட்டு வைத்தால் நுரைத்து அடங்கும். அப்புறம் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும்.

கேமரா கொஞ்சமும் உயிர் காட்டவில்லையா? பேட்டரி மூடியைப் பாருங்கள். அதன் விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கு, மூடும்போது உள்ளே ஒரு சுவிட்சை அழுத்தும். அது உடைந்திருந்தால் எந்தப் பேட்டரி போட்டாலும் பலன் இல்லை.

பயன்படுத்தாமலே சார்ஜ் இறங்கினால், முழுக்க ஏற்றிய பேட்டரியை ஒரு வாரம் வெளியே வையுங்கள், அடுத்த வாரம் கேமராவுக்குள் வையுங்கள். இரண்டிலும் இறங்கினால் பேட்டரியை மாற்ற வேண்டும். உள்ளே வைத்தபோது மட்டும் இறங்கினால் கேமராதான் குடிக்கிறது. வைஃபை, புளூடூத் காத்திருப்பு அமைப்புகளை அணைத்துப் பாருங்கள். குளிரில் உள்தடை ஏறும் என்பதால் அங்கே சீக்கிரம் அணைவது கோளாறு அல்ல. சட்டைப்பையில் வைத்துச் சூடாக்கினால் போதும். உப்பிய பேட்டரியை மட்டும் ஒரு முறைகூட சார்ஜ் செய்யாதீர்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, மின்கழிவு சேகரிப்பில் கொடுத்துவிட வேண்டும்.

ஒவ்வொரு முறை பேட்டரியைக் கழற்றும்போதும் கேமரா தேதி கேட்டால், அது வேறு விவகாரம். கடிகாரத்துக்கென உள்ளே ஒரு குட்டி செல் உண்டு. பல கேமராக்களில் அது முதன்மைப் பேட்டரியிடமிருந்தே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். நல்ல பேட்டரியை ஒரு நாள் முழுக்க உள்ளேயே விட்டுப் பாருங்கள். அப்படியும் மறந்தால் அந்தச் செல் செத்துவிட்டது. பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். மாற்றுகிறேன் என்று நீங்களே உடலைத் திறக்காதீர்கள்: பிளாஷ் கெபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு, பேட்டரியைக் கழற்றிய பிறகும் தங்கியிருக்கும். தேதியைக் கையால் போட்டுக்கொள்வது மேல்.