கிளிஷே: தேய்ந்து போன கதையும் தேய்வழக்கும்

கார்ப் பந்தயப் படம் ஒன்றில் கடைசிச் சுற்று. நாயகனின் காரும் எதிரியின் காரும் உரசிக்கொண்டு போகின்றன. நாயகன் பக்கவாட்டில் ஒருமுறை முறைக்கிறான், பல்லைக் கடிக்கிறான், இன்னொரு கியர் போட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கிறான். கார் சீறிக்கொண்டு முன்னே போகிறது. அந்த கியரை இவ்வளவு நேரம் எதற்காக மிச்சம் வைத்திருந்தான் என்று படம் சொல்வதே இல்லை. நேர்ச்சாலையில் எல்லா ஓட்டுநரும் ஏற்கெனவே உச்ச கியரில், மிதியைத் தரையோடு அழுத்திக்கொண்டுதான் போவார்கள்.

இப்படி ஒரு காட்சியைப் பார்த்ததும் நம் வாயில் வரும் சொல் 'கிளிஷே'. அது பிரெஞ்சு அச்சுக்கூடத்தில் பிறந்த சொல். அச்செழுத்துகளைக் கோத்த பக்கத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கோக்காமல், அப்படியே படியெடுத்து ஒரே உலோகத் தகடாக வார்த்துவிடுவார்கள். அந்தத் தகடுதான் கிளிஷே. உருகிய உலோகத்தின் மேல் அச்சுருவை அடிக்கும்போது எழுந்த ஓசையிலிருந்து வந்த பெயர் என்பார்கள். அதாவது, நம் 'சலசல', 'படபட' போல ஒலிக்குறிப்பில் பிறந்தது. யோசிக்காமல் எடுத்து ஒட்டும் தயார்நிலைச் சொற்றொடருக்கு அந்தப் பெயர் வந்தது 19ஆம் நூற்றாண்டில். 'ஸ்டீரியோடைப்' என்பதும் அதே தகட்டின் இன்னொரு பெயர்தான். இரண்டு வசைச்சொற்களும் ஒரே பட்டறைச் சரக்கு! நாமோ 'அச்சில் வார்த்தாற்போல' என்பதைப் பாராட்டாகச் சொல்கிறோம்.

தமிழில் இதற்கு 'தேய்வழக்கு' என்ற சொல் இருக்கிறது. தேய் + வழக்கு, வினைத்தொகை. தேய்ந்த வழக்கு, தேய்கின்ற வழக்கு, தேயும் வழக்கு என்று மூன்று காலமும் அதில் அடக்கம். 'வழக்கு' இங்கே நீதிமன்ற வழக்கு அல்ல. தொல்காப்பியப் பாயிரம் 'வழக்கும் செய்யுளும்' என்கிறதே, அந்த வழக்கு: மக்களிடம் புழங்கும் மொழி. பேச்சில் 'அரைத்த மாவையே அரைப்பது' என்போம். அதில் கோபம் சரியாக இறங்கும், ஆனால் கலைச்சொல் ஆகாது.

எனக்குப் பிரெஞ்சுச் சொல்லைவிடத் தமிழ்ச் சொல்தான் பிடிக்கிறது. வார்ப்புத் தகடு முதல் நாளிலிருந்தே நகல். தேய்ந்த பொருளோ ஒரு காலத்தில் முழுசாக இருந்தது. பந்தய டயர் மாதிரி: தொடக்கத்தில் சாலையைக் கவ்விய அதே ரப்பர்தான் பிறகு வழுக்குகிறது. அந்த கியர் காட்சியும் அப்படித்தான். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கியர்த் தண்டை இழுக்க வேண்டியிருந்த காலத்தில் அந்தக் கை நெருக்கக்காட்சிக்கு ஓர் அர்த்தம் இருந்தது. அங்கே உண்மையிலேயே ஆபத்து இருந்தது. 1989இல் ஃபெராரி ஸ்டீயரிங்கின் பின்னால் விரலால் தட்டும் கியர்த் துடுப்பை ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் தண்டு காணாமலே போனது. படங்களில் மட்டும் கை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

பழைய விபத்தை மறக்க முடியாத குரு, இடைவேளைக்கு முன் ஒரு விபத்து, நம் கண்ணுக்குத் தெரிவதையே திருப்பிச் சொல்லும் வர்ணனையாளர் எல்லாம் இதே கணக்கு.

'ஃபார்முலா படம்' என்று திட்டுவதை மட்டும் இதோடு குழப்ப வேண்டாம். பந்தயத்தில் ஃபார்முலா என்றால் எல்லாக் கார்களும் கட்டுப்பட வேண்டிய விதித்தொகுப்பு. அதற்குக் கட்டுப்பட்ட பிறகும் யார் ஜெயிப்பார் என்று தெரியாது. கதைக்கும் சட்டகம் இருக்கலாம், தவறில்லை. அதற்குள் ஓடுவது தேய்ந்ததாக இருந்தால்தான் தேய்வழக்கு.

ஒரு நூலில் இருக்கக் கூடாதவை என்று நன்னூல் பட்டியலிடும் பத்துக் குற்றங்களில் இரண்டு இதன் பக்கத்து வீட்டுக்காரர்கள். 'கூறியது கூறல்' என்பது ஒரே நூல் தான் சொன்னதையே மறுபடி சொல்வது. தேய்வழக்கோ ஊரே சொன்னதைத் தானும் சொல்வது. ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரே விதமாக முந்தும் படத்துக்கு முதலாவது பொருந்தும். இன்னொன்று 'சென்றுதேய்ந்து இறுதல்': மிடுக்காகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து முடிவது. முதல் பாதியில் டயர், எரிபொருள், பிட் நிறுத்தம் (டயர் மாற்றப் பந்தயத்தின் நடுவே நிற்பது) என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, இறுதிப் பந்தயத்தில் எல்லாவற்றையும் நாயகனின் மனஉறுதியிடம் ஒப்படைக்கும் படங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

பேச்சில் 'கிளிஷே' இருந்துவிட்டுப் போகட்டும். எழுதும்போது 'தேய்வழக்கான காட்சி' என்று எழுதலாம். 'தேய்வழக்குக் காட்சி' என்றால் வல்லினம் மிகும்.