மார்கழிப் பனியும் மாட்டுக்கறி ஸ்ட்யூவும்

டிசம்பர் 26 எங்கள் நாகைக் கடற்கரையில் சுனாமி நினைவு நாள். காலையில் கிளினிக்கில் கூட்டம் இருக்காது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே நாளில் ஏழரை மணிக்கே வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. ஒரே குடும்பத்து ஆட்கள் 11 பேர் இறங்கினார்கள். ஒரு பாட்டி, நாலு பிள்ளைகள், மற்றவர்கள் நடுத்தர வயது. எல்லாருக்கும் ஒரே கதை: நடுராத்திரியில் வயிற்றைப் பிசைந்து வலி, அப்புறம் தண்ணீராகப் பேதி. காய்ச்சல் இல்லை. வாந்தி ஒருவருக்குத்தான்.

“நேத்து என்னம்மா சாப்பாடு?”

வீட்டுக்காரம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. சமைத்த கையைக் குறை சொல்லப்போகிறேன் என்று நினைத்திருப்பார். “மாட்டுக்கறி ஸ்ட்யூவும் ஆப்பமும்தான் டாக்டர். பெங்களூர் ஹோட்டல்ல இருக்கற எம் புள்ள லீவுக்கு வந்து செஞ்சான். கறி பஞ்சா வெந்திருந்துச்சு. கொதிக்கக் கொதிக்கத்தான் எறக்குனோம்.”

“எப்போ எறக்குனீங்க?”

“இருபத்திநாலு ராத்திரி, ஒரு எட்டரை இருக்கும். அப்புறம் பூசைக்குக் கெளம்பிட்டோம்.”

“பானை?”

“அடுப்பு மேலயேதான் மூடி வெச்சிருந்தேன். ராத்திரி பூரா பனி டாக்டர், கை கால் வெறைக்குது. கெடுற காலமா இது?”

“மறுநாள் மத்தியானம் நல்லாக் கொதிக்க வெச்சீங்களா?”

கொஞ்சம் தயங்கினார். “லேசா சூடு பண்ணுனோம். தேங்காப்பால் ஊத்தியாச்சு, ரொம்பக் கொதிச்சா திரிஞ்சிடும்ல?”

அவர் சொன்னதில் எதுவும் தப்பான சமையல் இல்லை. கறி நன்றாக வெந்திருந்தது, தேங்காய்ப்பால் கொதித்தால் திரியும் என்பதும் உண்மை. பிசகு ஒரே இடத்தில்தான்: பனிக்காலம் பானையை ஆறவைத்துவிடும் என்று நம்பியது. இந்த நம்பிக்கையோடு வரும் வயிற்றுப்போக்கை மழைக்காலம் முடிந்து பொங்கல் வரைக்கும் வருஷா வருஷம் பார்க்கிறேன். கிறிஸ்துமஸ் வீடு, கந்தூரி வீடு, கல்யாண வீடு, எதுவும் விலக்கில்லை. கறி ஆட்டுக்கறியாகவும் இருக்கும், கோழியாகவும் இருக்கும்.

நம் டெல்டாவின் குளிர் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். மார்கழி விடியலில் 20, 22 டிகிரி. குல்லா போட்டுக்கொள்ள அது போதும். உணவு கெடாமல் இருக்க 5 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். நம் ஊரில் எந்தக் காலத்திலும் வீட்டுக்கு வெளியே அது நடக்காது.

சந்தேகம் தீரட்டும் என்று அடுத்த வாரமே என் வீட்டில் ஒரு சோதனை செய்தேன். 8 லிட்டர் ஸ்ட்யூ, பெரிய அலுமினியப் பாத்திரம், மேலே தட்டு. இரவு 9 மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு, சமையல் தெர்மாமீட்டரை நடுக்குழம்பில் விட்டு விட்டு எடுத்தேன். என் மனைவி இதற்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. 12 மணிக்கு 58 டிகிரி. 1 மணிக்கு 50. 3 மணிக்கு 40. விடிந்து 6 மணிக்குப் பார்த்தால் 31. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, குழம்பு இன்னும் கதகதப்பாகத்தான் இருந்தது.

அந்தக் கதகதப்புக்காகவே காத்திருக்கும் கிருமி ஒன்று உண்டு. பெயர் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ். மண்ணிலும் மாட்டின் குடலிலும் மனிதக் குடலிலும் சாதாரணமாக இருப்பது. கறியோடு வீட்டுக்கு வந்துவிடும். இது தன்னை ஸ்போராகச் சுருட்டிக்கொள்ளும். விதை என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 டிகிரிக் கொதியிலும் அந்த விதை சாகாது.

நம் ஆட்களுக்கு இதைப் புரியவைக்க நாற்றங்கால்தான் நல்ல வழி. விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு அழுத்தி வைக்கிறோம். உள்ளே சூடு ஏறி மறுநாள் முளை எட்டிப்பார்க்கிறது. மூடிவைத்த ஸ்ட்யூப் பானையிலும் இதேதான் நடக்கிறது. கொதியானது கூட இருந்த மற்ற கிருமிகளைக் கொன்று இடத்தைக் காலி செய்கிறது, குழம்பிலிருந்த காற்றை வெளியேற்றுகிறது, உறங்கும் ஸ்போரைத் தட்டியும் எழுப்புகிறது. மேலே படியும் கொழுப்பு ஏடு புதுக் காற்றையும் உள்ளே விடுவதில்லை. காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

12 டிகிரியிலிருந்து 54 டிகிரி வரை இது வளரும். 43 முதல் 47 டிகிரி வரை இதற்குக் கொண்டாட்டம். சுமார் 10 நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அதே வேகத்தில் போனால் ஒன்று 1 மணி நேரத்தில் 64, இரண்டு மணி நேரத்தில் 4,096, மூன்று மணி நேரத்தில் 2,62,144. ஒரு கிராம் குழம்பில் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டால் சாப்பிட்டவர் வயிறு தப்பாது. என் பானை நள்ளிரவு தாண்டியதிலிருந்து விடியும் வரை அந்த 12-54 டிகிரி எல்லைக்குள்தான் கிடந்தது. அவ்வளவு பெருகியும் நாற்றம் வராது, நுரைக்காது, புளிக்காது. முகர்ந்து பார்த்தேன் நன்றாகத்தான் இருந்தது என்பார்கள், அது பொய்யில்லை.

இப்படிப் பெருகியது வயிற்றுக்குள் போய்த்தான் நஞ்சை வெளியிடுகிறது. அதனால்தான் சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது. 6 முதல் 24 மணி நேரம் கழித்து ஆரம்பிக்கும். அந்த வீட்டில் மத்தியானம் சாப்பிட்டு நடுராத்திரியில் எழுந்தார்கள். மலத்தை ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை, ஆனால் நேரக்கணக்கும் காய்ச்சல் இல்லாததும் இந்தக் கிருமியைத்தான் காட்டின.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. இங்கிலாந்தில் கிருமி ஆய்வாளர் பெட்டி ஹாப்ஸ் குழுவினர் 1953-லேயே, முந்தின நாள் சமைத்து மெதுவாக ஆறவிட்ட இறைச்சியையும் இந்தக் கிருமியையும் முடிச்சுப் போட்டுக் காட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் வருஷத்துக்குச் சுமார் 10 லட்சம் பேருக்கு இது வருவதாக அவர்களுடைய நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிடுகிறது. கூட்டமாகப் பாதிக்கப்படுவது அதிகம் எந்த மாதங்களில் தெரியுமா? நவம்பரிலும் டிசம்பரிலும். அங்கே பனி உறையும் காலம். பண்டிகைக்குப் பெரிய பாத்திரத்தில் சமைத்து ஆறவைக்கும் காலமும் அதுதான்.

சரி, ஸ்ட்யூவே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லும் ஆள் இல்லை. மழை விடாமல் பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வீட்டிலும் இது உண்டு. எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன்.

நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் வயதான மாடு. 10 வயது தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாதது என்று சான்று வாங்கியே அறுக்க வேண்டும் என்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் கறி முறுக்காக இருக்கும், ஜவ்வு அதிகம். வறுவலுக்கு அது தொல்லை, ஸ்ட்யூவுக்கு வரம். அந்த ஜவ்வில் இருக்கும் கொலாஜன் 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் வெந்தால் ஜெலட்டினாக உருகிக் குழம்புக்குக் கனம் கொடுக்கும். முன்னங்கால் சதையும் நெஞ்சுக்கறியும் கலந்து 1 கிலோ கேளுங்கள். எலும்பு ஒன்றிரண்டு இருந்தால் நல்லது. இரண்டு அங்குலத் துண்டு. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் தண்ணீர் தெறித்து மேடை முழுக்கக் கிருமி; பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அலசினால் போதும். ஈரம் போகத் துடைத்து, உப்பும் மிளகுத்தூளும் பிசறி அரை மணி நேரம் வையுங்கள்.

இரும்புச் சட்டியில் தேங்காய் எண்ணெய் நன்றாகக் காயட்டும். துண்டுகளை நெருக்கமில்லாமல் போட்டு, ஒவ்வொரு பக்கமும் கருஞ்சிவப்பாகும் வரை கிளறாமல் விடுங்கள். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு அவிந்துதான் போகும். இந்த இடத்தில்தான் ருசியே இருக்கிறது, அவசரப்படாதீர்கள். கறியை எடுத்துவிட்டு அதே சட்டியில் பட்டை, கிராம்பு, ஏலம், பிரிஞ்சி இலை, 20 சின்ன வெங்காயம், தட்டிய இஞ்சி பூண்டு, கீறிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை. ஒரு கரண்டி அரிசி மாவைத் தூவி வாசம் வர வதக்கி, வெந்நீர் ஊற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டி விடுங்கள். கறியைத் திருப்பிப் போட்டு மூடி, சிறு தீயில் இரண்டரை மணி நேரம். குக்கர் என்றால் முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 35, 40 நிமிஷம். கடைசி 20 நிமிஷத்துக்கு உருளைக்கிழங்கும் கேரட்டும்.

குக்கரில் 120 டிகிரி வரை போகுமே, ஸ்போர் செத்துவிடாதா என்று ஒரு பள்ளி ஆசிரியர் கேட்டார். நல்ல கேள்வி. பெருமளவு செத்துவிடும்தான். ஆனால் மூடியைத் திறந்து காய்கறி போடுகிறோம், கரண்டி விடுகிறோம், மிளகுத்தூள் தூவுகிறோம். ஸ்போர் மசாலாவிலும் உண்டு.

இப்போது ஆறவைப்பது. சமைத்த 2 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிப்பதாக இருந்தால் கவலையே இல்லை. மிச்சமிருந்தால், அல்லது மறுநாளுக்கென்றே செய்தால், பெரிய பானையோடு ஆறவிடாதீர்கள். அகலமான தாம்பாளம், கேக் தட்டு, எது இருக்கிறதோ அதில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றுங்கள். 57 டிகிரியிலிருந்து 21-க்கு 2 மணி நேரம், அங்கிருந்து 5-க்கு இன்னும் 4 மணி நேரம் என்பது அமெரிக்க உணவு விதி. நம் போர் தண்ணீரே 27, 28 டிகிரி. அதில் வைத்தால் பாதி வேலைதான் ஆகும். மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கி அண்டாவில் கொட்டி, அதன் மேல் தட்டுகளை வைத்துக் கிண்டிவிட்டால் அரை மணி நேரத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கிவிடும். அந்த ஐஸ் குழம்புக்குள் போகக் கூடாது, வெளியேதான். அப்புறம் ஃபிரிட்ஜ். சூடாக வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடும் என்பார்கள். முழுப் பானையைத் திணித்தால் பக்கத்தில் இருக்கும் பாலும் சூடாகும், அது சரிதான். இளஞ்சூட்டில் இருக்கும் சின்னப் பாத்திரத்தால் ஒன்றும் ஆகாது.

கரண்ட் போனால்? 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறிய பிறகு வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. திறக்காத ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் உள்ளே இருந்த கறிக்குழம்பைக் கொட்டிவிடுங்கள். பழைய ஆட்கள் கறியை உப்புக்கண்டம் போட்டார்கள். குழம்பாக வைத்தால் படுக்கும்முன் ஒரு கொதி, எழுந்ததும் ஒரு கொதி கொடுத்துச் சுண்டவைத்தார்கள். அந்தக் காலைக் கொதி பெருகிய கிருமியைக் கொன்றுவிடும். கேஸை மிச்சம் பிடிக்கப்போய் அதை ‘லேசா சூடு’ ஆக்கியது நாம்தான். ஆனால் கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கைப்புண்ணிலிருந்து சேரும் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் குழம்பிலேயே விட்டுவைக்கும் நஞ்சு கொதிக்கு அசையாது.

வந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் சுருக்கமாக. பெரும்பாலும் ஒரு நாளில் தானே அடங்கும், ஆன்டிபயாடிக் வேண்டாம். ஓஆர்எஸ் பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அதில் கரைத்து, ஒவ்வொரு தடவை போனதும் கொடுங்கள். கிடைக்காவிட்டால் 1 லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி. உப்புக் கஞ்சியும் நல்லது. பிள்ளைகளுக்குப் பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். மலத்தில் ரத்தம், காய்ச்சல், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, பிள்ளை துவண்டு கிடப்பது, இதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். வயதானவர்கள், கர்ப்பிணிகள் முதல் நாளே வந்துவிடுங்கள். அந்த 11 பேரில் பாட்டிக்கு மட்டும்தான் டிரிப் ஏற்ற வேண்டியிருந்தது.

கடைசியாகத் தேங்காய்ப்பால். அந்த அம்மாவின் சிக்கல் அதுதானே, கொதிக்கவிட்டால் திரியும், விடாவிட்டால் வயிறு போகும். மறுநாள் சாப்பாட்டுக்கு என்றால் முந்தின இரவு பாலே ஊற்றாதீர்கள். கறி, காய், மசாலாவோடு நிறுத்தி, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் ஆறிப்போன பாயா மாதிரி கட்டியாக இருக்கும். அதை அடுப்பில் ஏற்றி, அடிவரை கிண்டி, நடுவிலும் தளதளவென்று குமிழி வந்து ஐந்து நிமிஷம் கொதிக்கட்டும். தீயைக் குறைத்த பிறகு, அப்போதே பிழிந்த பாலை ஊற்றி, ஓரத்தில் ஆவி கிளம்பியதும் இறக்குங்கள். ஆப்பச் சட்டியை அதற்கு முன்னாலேயே காயப்போட்டுவிடுவது நல்லது.