தேய்மானம்: லேத்திலும் கணக்கிலும்

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் பல வருஷம் ஓடிய ஒரு லேத்தின், அதாவது இரும்பு கடையும் இயந்திரத்தின், 'பெட்' என்கிற அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள். இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்குப் பக்கத்தில், வெட்டும் உளியைத் தாங்கும் கேரேஜ் நாள் முழுக்கப் போய்வரும் இடத்தில், விரலுக்கே தேய்வு தெரியும். பட்டறைக்காரருக்குத் தேய்மானம் என்றால் அதுதான்.

கம்பெனி ஆண்டறிக்கையில் 'சொத்து, ஆலை, கருவிகள்' குறிப்பில் வரும் தேய்மானம் வேறு. ஆங்கிலத்தின் டெப்ரிசியேஷன் லத்தீனிலிருந்து வந்தது. 'டி' என்றால் கீழே, 'பிரெட்டியம்' என்றால் விலை. அவர்கள் விலையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் பொருளின் உடம்பைப் பார்த்து வைத்தோம். 'செல்வத்தைத் தேய்க்கும்' என்று குறளிலேயே (555) வரும் பழைய வினை தேய். வருமானம், கட்டுமானம் மாதிரி அதோடு மானம் சேர்ந்தது.

ஆனால் கணக்கு எழுதுபவர் உடம்பையும் அளப்பதில்லை, சந்தை விலையையும் விசாரிப்பதில்லை. வாங்கக் கொடுத்த பணத்தை அந்தப் பொருள் உழைக்கும் வருஷங்களுக்குப் பங்கு போடுகிறார், அவ்வளவுதான். 6 லட்சம் ரூபாய்க்கு ஒரு லேத் என்று வையுங்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி பொதுவான இயந்திரங்களுக்கு ஆயுள் 15 வருஷம். கடைசியில் மிஞ்சும் மதிப்பாக 5 சதவீதம், அதாவது 30,000 ரூபாயை ஒதுக்கிவிட்டால் மீதி 5,70,000. சமமாகப் பிரித்தால் வருஷத்துக்கு 38,000 ரூபாய். ஆர்டர் இல்லாமல் பட்டறை பூட்டிக் கிடந்த வருஷத்திலும் இந்த 38,000 செலவில் ஏறும், ஒரு இழை இரும்புகூடத் தேய்ந்திருக்காது.

அப்புறம் அந்த ஆண்டறிக்கைக் குறிப்பில் வாங்கிய விலையையும் திரண்ட தேய்மானத்தையும் (இதுவரை கழித்த மொத்தம்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 100 கோடிக்கு 80 கோடி கழிந்திருந்தால், கணக்குப்படி அங்கே பெரும்பாலும் பழைய மெஷின்கள்தான். சீக்கிரமே புதிதாக வாங்கப் பணம் தேவைப்படலாம் என்று யோசிக்க வேண்டிய இடம் இது.

நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. கல்குவாரி, குப்பை கொட்டும் இடம் மாதிரி சிலவற்றை மட்டும் கணக்குத் தரம், அதாவது கணக்கு எழுதும் விதிமுறை, இதற்கு விலக்காகச் சொல்கிறது; அவற்றுக்குத் தேய்மானம் உண்டு. கொடுங்கையூர்க் குப்பை மேட்டைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை, அந்த மாதிரி நிலத்துக்கும் ஒரு நாள் கொள்ளளவு தீர்ந்துவிடும்.

சரி, எந்தச் சொல் சரி? நம் பள்ளிக் கணக்குப் பாடத்தில் தேய்மானம். இலங்கையில் பெறுமானத் தேய்வு என்கிறார்கள்; தேய்வது பொருள் இல்லை, கணக்கில் உள்ள பெறுமானம் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது, எனக்கு அதுதான் பிடிக்கிறது. பழகிய தேய்மானத்தையும் விட வேண்டாம். ஆனால் டாலர் கணக்கில் ரூபாய் இறங்குவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான் என்பதற்காக அதைத் தேய்மானம் என்று எழுதாதீர்கள், அது மதிப்புச் சரிவு.