கோழிக்கு மருந்து கொடுத்தால் எத்தனை நாள் கழித்துப் பிடிக்கலாம்?

கோழி மருந்து பாட்டிலில் முதலில் கண்ணில் படுவது ஒரு கால்நடையின் தலைப் படமும் 'மனிதர்களுக்கு அல்ல' என்ற வரியும்தான். பண்ணைக்காரர் தேட வேண்டிய வரி வேறு: கடைசி வேளை மருந்துக்குப் பிறகு கறிக்கோ முட்டைக்கோ எத்தனை நாள் விட வேண்டும் என்பது. பண்ணையில் இதை 'வித்ட்ராயல் பீரியட்' என்பார்கள்.

மருந்து, அழகுசாதனப் பொருட்கள் விதிகளில் 2012-ல் வந்த திருத்தப்படி, இந்த நாள் கணக்கை லேபிளில் போட்டாக வேண்டும். மருந்துக்கென்று தனிக் கணக்கு இல்லையென்றால் முட்டைக்குக் குறைந்தது 7 நாள், கறிக்கு 28 நாள். ஈரலும் கொழுப்பும் கறியில் சேர்த்திதான்.

இடிக்கிற இடம் இந்த 28. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஷெட்டுகளில் வளரும் பிராய்லர் 40 நாள் வாக்கில் விற்பனைக்குப் பிடிக்கும் அளவுக்கு வந்துவிடும். 25-ஆம் நாள் சளிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் 53-ஆம் நாள் வரை தீவனம் போட வேண்டும், யாருக்குக் கட்டும்? நாள் அச்சிடாத பாட்டிலை வாங்காமலிருப்பதே புத்தி. கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கவும் கூடாது. கம்பெனி தரும் குஞ்சை ஒப்பந்தத்தில் வளர்ப்பவர்கள், கம்பெனி சூப்பர்வைசர் தரும் மருந்தின் பெயரையும் தேதியையும் தங்கள் நோட்டிலும் எழுதி வைப்பது நல்லது.

கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு நாள் கணக்கே கிடையாது, கொடுக்கவே கூடாது. 2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் அதைக் கோழி, கால்நடை, மீன் வளர்ப்பிலும் தீவனத்திலும் அடியோடு தடை செய்தது. வேறு மருந்து எதுவும் கேட்காத நோயாளிக்கு மருத்துவர்கள் கடைசியாகக் கையில் எடுப்பது அதைத்தான். கிருமியை அந்த மருந்துக்கு அடங்காமல் செய்யும் மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்பது 2015-ல் சீனாவில் தெரியவந்தது. பன்றியிலும் கடைக் கறியிலும் நோயாளிகளிடமும் அது இருந்தது. இப்படிப்பட்ட கிருமி எச்சத்தோடு எருவாகி வயலுக்கும் போகும். கொதிக்கும் குழம்பில் அது செத்துவிடும். கறி வெட்டிய பலகையிலேயே கழுவாமல் வெங்காயம் நறுக்கினால்தான் வினை.

வெள்ளைக்கழிச்சலுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது வெட்டிச் செலவு. அது வைரஸ் நோய், தடுப்பூசிதான் வழி. வீட்டில் நாலு நாட்டுக்கோழி வளர்ப்பவர்களும் அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஷெட்டில் திடீரென்று கோழிகள் விழுந்தால், மருந்துக் கடைக்கு ஓடுமுன் செத்த கோழியை அந்த அரசு மருந்தகத்துக்கு எடுத்துப்போய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.