வண்டி இரவில் எங்கே நிற்கிறது? அதைச் சொல்லுங்கள் முதலில்

போன மாதம் கடலோர முட்டத்திலிருந்து ஒரு தம்பி, வண்டி கழுவி மினுக்கும் எங்கள் ஷெட்டுக்கு வெள்ளைக் காரோடு வந்தார். கையில் பத்திரமாக ஒரு டப்பா. துபாயில் இருக்கும் மச்சான் கொடுத்தனுப்பிய வாக்ஸ், வண்டிக்குப் பூசும் மெழுகு. "அண்ணே, சாதனம் நல்ல விலை. இதைத் தேய்ச்சு மட்டும் தந்தா போதும்" என்றார்.

நான் டப்பாவைத் திறக்கவில்லை. வண்டியைக் கழுவித் துடைத்தோம். புதுச் சட்டை சுற்றி வந்த மெல்லிய பிளாஸ்டிக் கவர் ஒன்று கிடந்தது. அதை அவர் கையில் மாட்டிவிட்டு பானெட்டின் மேல் லேசாகத் தடவச் சொன்னேன். தடவியவர் முகம் மாறிவிட்டது. "என்னண்ணே இது, உப்புத்தாள் மாதிரி இருக்கு!"

வெறும் கையால் தடவினால் இந்தச் சொரசொரப்பு அவ்வளவாகத் தெரியாது. நடுவில் கவர் வந்தால் காட்டிக்கொடுத்துவிடும். காசு செலவில்லாத சோதனை, உங்கள் வண்டியிலும் இன்றே செய்து பாருங்கள். அந்தச் சொரசொரப்பின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த வாக்ஸைப் போட்டாலும் அழுக்கைப் பூட்டி வைத்ததாகத்தான் ஆகும். பெயின்ட்டின் மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் வெளிச்சம் கண்ணாடியில் பட்டது போலத் திரும்பும், அதைத்தான் நாம் மினுக்கம் என்கிறோம். வாக்ஸ் அதற்கு ஒரு சொட்டு அழகு கூட்டும், சில காலம் காவல் இருக்கும். பழைய கீறலையும் மங்கலையும் சரிசெய்வது அதன் வேலை இல்லை.

அந்த வேலை பாலிஷுடையது. பாலிஷ் என்றால் தேய்த்து எடுப்பது, வாக்ஸ் என்றால் மேலே பூசுவது. இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள்தான் அதிகம். இன்றைய வண்டிகளில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஓர் அடுக்கு இருக்கும். பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் கனம். நோட்டுப் புத்தகத் தாளில் ஏறக்குறையப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலைத் தாங்குவது அதுதான். ஒவ்வொரு தடவை காம்பவுண்ட் என்ற கடினமான தேய்ப்புப் பசையைப் போட்டு மிஷின் ஓட்டும்போதும் அதில் கொஞ்சம் கரைந்து போகிறது, திரும்ப வளராது. ஆகவே ஒவ்வொரு சர்வீஸுக்கும் 'ஃப்ரீ பாலிஷ்' என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தொழில் பழகிய நாளில் ஒரு கறுப்பு வண்டியின் பானெட் விளிம்பில் மிஷினை நான் இரண்டு நொடி கூடுதலாக வைத்துவிட்டேன். நிறத்துக்கு அடியில் பூசும் பிரைமர் எட்டிப் பார்த்தது. ஆசான் திட்டவில்லை, அந்த மாதச் சம்பளத்தைத்தான் பிடித்துக்கொண்டார். இன்றும் விளிம்புகளில் டேப் ஒட்டாமல் மிஷினைத் தொடமாட்டேன்.

சரி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நம் குமரி மாவட்டம் சின்னதுதான். ஆனால் கடலோரக் குளச்சலில் நிற்கும் வண்டிக்கும் ரப்பர் தோட்டப் பக்கத்துக் குலசேகரத்தில் நிற்கும் வண்டிக்கும் ஒரே நோய் வராது.

கடலோரத்தில் எதிரி உப்பு. ராத்திரி ஈரக்காற்றோடு உப்பு படியும், விடிந்ததும் வெயிலில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதோடு மணலும் வரும். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் இல்மனைட், சிர்கான், கார்னெட் எல்லாம் உண்டு என்பது ஊருக்கே தெரியும். அதில் கார்னெட்டை அரைத்துத்தான் ஒருவகை உப்புத்தாளே செய்கிறார்கள். இப்போது காலையில் எழுந்ததும் காய்ந்த துணியை எடுத்து வண்டியைத் 'தூசி தட்டும்' பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். வெயிலில் வட்ட வட்டமாகச் சிலந்தி வலை போலத் தெரியும் கோடுகளில் பெரும்பங்கு அந்தத் துணி போட்டதுதான். அவசரமென்றால் தண்ணீரை மட்டும் ஊற்றி விடுங்கள், துடைக்க வேண்டாம்.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் காற்றே எதிரி. காற்றாலை நட்ட இடத்தில் தூசி எப்படிப் பறக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதம் அங்கே வெட்டவெளியில் வைத்து வாக்ஸ் போடுவது தோசைக்கல்லில் மண் தூவுவது மாதிரி. ஷெட்டுக்குள் வைத்தால் மட்டும் போடுங்கள்.

மேற்கே ரப்பர் தோட்டங்களுக்குள் போனால் நிழல் உண்டு, ஈரம் உண்டு, பறவையும் உண்டு. சக்கை (பலா) மரத்தடியில் நிறுத்திய வண்டியில் பால் சொட்டிக் கறுத்திருக்கும். வீட்டில் சக்கை வெட்டும்போது கையில் தேங்காய் எண்ணெய் தடவுகிறோமே, அதே வைத்தியம்தான். இரண்டு சொட்டு எண்ணெய் வைத்து, ஊறியதும் ஒற்றி எடுத்து, உடனே கார் ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். பறவை எச்சம் பட்டால் நனைந்த துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். சுரண்டாதீர்கள். வெயிலில் ஒருநாள் கிடந்தாலே கிளியர் கோட்டில் தழும்பு விழும்.

இனி வாக்ஸ். முட்டத்துத் தம்பி கொண்டுவந்தது கார்னௌபா. பிரேசில் நாட்டில் வளரும் ஒரு பனையின் ஓலையில் படியும் மெழுகு அது, நம்மூர்ப் பனைக்கு ஒன்றுவிட்ட சொந்தம் எனலாம். சுத்தமான மெழுகு உருக 82 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆனால் டப்பாவில் வருவது கரைப்பானும் எண்ணெயும் கலந்தது. கறுப்பு, மெரூன் வண்டிகளில் அது தரும் ஆழமான பளபளப்பு வேறெதிலும் வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளியே நிற்கும் வண்டிக்கு நம்மூர் வெயிலிலும் உப்பிலும் ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம். வீட்டில் போர்ட்டிகோ இருக்கிறது, மாதம் ஒருமுறை கை வலிக்கத் தேய்க்கப் பிடிக்கும் என்பவர்களுக்கு அது நல்லது.

மற்றவர்களுக்கு நான் சொல்வது சீலன்ட். வாக்ஸ் போலவே மேலே பூசுவது, ஆனால் ஆய்வகத்தில் செய்த பாலிமர். நான்கு மாதமாவது நிற்கும். நமக்கு இரண்டு மழைக்காலம் என்பதால் கணக்கு எளிது: மே கடைசியில் தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை. கண்ணாடி போலக் கெட்டியாகும் செராமிக் பூச்சு பற்றிக் கேட்பீர்கள். நீண்டகாலம் நிற்கும், உண்மை. ஆனால் அடியில் கீறலை விட்டுவிட்டுப் பூசினால் அந்தக் கீறலும் அவ்வளவு காலம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். மினுக்கமில்லாத மேட் பெயின்ட் வண்டிக்கு மேலே சொன்ன எதுவும் வேண்டாம், அதற்கென்றே தனிச் சாமான் உண்டு. டிங்கரிங் முடிந்து புதிதாகப் பெயின்ட் அடித்த பாகத்துக்கு இரண்டு மாதமாவது மூச்சுவிட இடம் கொடுங்கள், உள்ளே இருக்கும் தின்னர் வெளியேற வேண்டும்.

முட்டத்து வண்டிக்கு என்ன செய்தோம்? நிழலில் நிறுத்தி, முதலில் அடிப்பக்கமும் சக்கரமும். வாக்ஸ் கதவுக்கு அடியில் பிடிக்கும் துருவைத் தடுக்காது, அங்கே தண்ணீர்தான் மருந்து. பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் கழுவும் கையுறையை அலச வெறும் தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்பு அன்றாடக் கழுவலுக்கு ஆகாது, இருக்கிற வாக்ஸையும் வழித்துவிடும். போர் தண்ணீர் காய்ந்து வெள்ளைப் புள்ளி விட்டிருந்த இடங்களில் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, உடனே அலசினோம். இரும்புத் தூள் எடுக்கும் திரவத்தை அடித்தபோது வெள்ளைப் பெயின்ட்டில் ஊதா நிறம் வழிந்தது. தம்பி பயந்தே போனார். பிரேக்கிலிருந்து பறந்து குத்தி நிற்கும் துகள் அப்படித்தான் கரையும், அழுகிய முட்டை வாடையும் வரும். அப்புறம் கிளே, பெயின்ட்டில் ஒட்டியிருக்கும் துகளை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி. ஷாம்புத் தண்ணீர் வழுக்கும்படி நிற்க, அழுத்தாமல் நேர்கோட்டில் இழுக்க வேண்டும். பாதியில் ஒரு துண்டு கீழே விழுந்தது. விலை நெஞ்சை உறுத்தினாலும் குப்பையில் போட்டேன், மண் ஒட்டிய கிளே கத்திக்குச் சமம்.

பிறகு கதவில் ஓரடிச் சதுரத்தில் மட்டும் லேசான பாலிஷ் போட்டுப் பார்த்தேன். அதுவே போதும் என்று தெரிந்ததால் காம்பவுண்டைத் தொடவில்லை. பாலிஷ் எண்ணெயை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்த பிறகு சீலன்ட், கையால், மெல்லிசாக. நிறையப் பூசினால் நிறைய நாள் நிற்கும் என்பது பொய், துடைக்கத்தான் சிரமம். விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, ஈஷிக்கொள்ளாமல் சுத்தமாக வந்தால் துடைக்கலாம். கறுப்பு பிளாஸ்டிக்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளை வெள்ளையாகத் தங்கிவிடும். அன்று இரவு வண்டி எங்கள் ஷெட்டிலேயே நின்றது.

மறுநாள் காலை தம்பி வந்து, மறுபடி கையில் கவரை மாட்டித் தடவிப் பார்த்தார். டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். "இதை என்னண்ணே செய்ய?" என்றார். மச்சான் வீட்டில் ஒரு கறுப்பு வண்டி, ஷெட்டுக்குள் நிற்பது, இருக்கிறதாம். அதற்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.