கால் எரிச்சலுக்குக் கடைப் பொட்டலம் வேண்டாம்

சர்க்கரைக்காரர்களுக்கு வரும் கால் எரிச்சல் சுளுக்கு வலி மாதிரி இல்லை, அதனால் சுளுக்குக்குப் போடும் மாத்திரைக்கு அது அடங்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கிளினிக்குக்கு வருகிற பலரும் மாதக்கணக்கில் கடை மாத்திரை போட்டு, வயிற்றையும் கிட்னியையும் கெடுத்துக்கொண்ட பிறகுதான் வருகிறார்கள்.

உள்ளங்கால் திகுதிகுவென்று எரியும், ஊசி குத்தும், ராத்திரியில் போர்வை பட்டாலே தாங்காது. பகலில் நடமாடும்போது பரவாயில்லாமல் இருந்து, படுத்ததும் ஆரம்பிக்கும். பல வருஷம் ரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருந்ததால் நரம்பு பழுதாகி, காலில் ஒன்றும் இல்லாதபோதும் அது வலி வலி என்று மூளைக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருக்கிறது. டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் எல்லாம் வீக்கத்தைத் தணிக்கிற மருந்துகள். இங்கே தணிக்க வீக்கமே இல்லை. ஆனால் சர்க்கரையால் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும் கிட்னிக்கு அவை இன்னொரு அடி.

இங்கே மியான்மரில், ரங்கூனில் கடையில் போய்க் கால் வலி என்று சொன்னால் போதும், டப்பாக்களைத் திறந்து நாலைந்து மாத்திரையைச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, வேளைக்கு ஒரு பை என்று கையில் கொடுத்துவிடுவார்கள். டாக்டர் சீட்டு யாரும் கேட்பதில்லை. அப்படி ஓர் அம்மா கொண்டுவந்த பையை மேஜையில் கொட்டிப் பார்த்தேன். சிவப்பு நிறத்தில் பி வைட்டமின் ஒன்று, பெயரே அச்சடிக்காத வெள்ளை மாத்திரை இரண்டு, அப்புறம் பொடிசாக ஒன்று. "அந்தக் குட்டி மாத்திரைதான் டாக்டரம்மா கேக்குது, பசியும் நல்லா எடுக்குது" என்றார். வலியும் குறைந்து பசியும் கூடுகிறது என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் ஸ்டீராய்டுதான். விரலில் குத்திப் பார்த்தேன், வெறும் வயிற்றிலேயே சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், ஏறிய சர்க்கரை நரம்பை இன்னும் கெடுக்கும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாரக்கணக்கில் போட்ட ஸ்டீராய்டைப் படக்கென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் வரும். அதனால் இதைப் படித்துவிட்டுப் பையைத் தூக்கி எறியாதீர்கள், அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் வாருங்கள், படிப்படியாகக் குறைக்கலாம்.

சரி, இந்த வலிக்கு என்னதான் மருந்து? முக்கியமாக அமிட்ரிப்டிலின், டுலோக்செடின், பிரிகாபலின், அதன் உறவான காபாபென்டின். முதல் இரண்டும் மனச்சோர்வுக்கு வந்த மருந்துகள், மற்ற இரண்டும் வலிப்புக்குக் கொடுக்கப்படுபவை. பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. மகன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு மனநோய் மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள் என்று நிறுத்திவிடுகிறார். பெரியவர் என்னிடம் வந்து, "எனக்கென்ன பைத்தியமா டாக்டரம்மா?" என்று குரல் கம்மக் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. மனதுக்கும் வலிக்கும் நரம்பு மண்டலத்தில் ஓடும் ரசாயனங்கள் சில ஒன்றேதான், அதனால் அதே மருந்து வலிச் சேதியையும் தணிக்கிறது.

இவற்றில் எது ஒசத்தி என்று எல்லாரும் கேட்கிறார்கள். 2022-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு ஒன்றில் 130 பேருக்கு அமிட்ரிப்டிலின், டுலோக்செடின், பிரிகாபலின் மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், ஒன்று போதாதபோது இன்னொன்றைச் சேர்த்தார்கள். எதில் தொடங்கினாலும் 10-க்குச் சராசரியாக 6.6 இருந்த வலி 3.3-க்கு வந்தது. அதாவது பாதியாகும், சுத்தமாகப் போகாது. அதுவும் வாரக்கணக்கில் ஆகும், இரண்டு ராத்திரி போட்டுவிட்டுக் கேட்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது.

வித்தியாசம் உங்கள் உடம்பில்தான் இருக்கிறது. அமிட்ரிப்டிலின் விலை குறைவு, 10 அல்லது 25 மில்லிகிராமில் ராத்திரி தொடங்குவோம், தூக்கமும் வரும். ஆனால் வாய் வறளும், மலச்சிக்கல் வரும், ப்ராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்கு மூத்திரம் அடைத்துக்கொள்ளலாம், சிலவகைக் கண் அழுத்த நோய்க்கும் இதயத் துடிப்புக் கோளாறுக்கும் ஆகாது, வயதானவர் நடுராத்திரி எழுந்தால் தலை சுற்றி விழுவார். பிரிகாபலினில் தலைசுற்றலும் கால் வீக்கமும் எடை கூடுவதும் உண்டு, அது கிட்னி வழியாக வெளியேறுவதால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் அளவு சொல்லவே முடியாது. டுலோக்செடினில் முதல் சில நாள் குமட்டும், கல்லீரல் கெட்டவர்களுக்குக் கூடாது. கடைக்காரருக்கு உங்கள் கிட்னியும் ப்ராஸ்டேட்டும் எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரையை வாங்கிப் போடுவதும் இதே கதைதான். டிரமடால் என்ற கடுமையான வலி மாத்திரை கடையில் கிடைக்கிறது என்று கூடச் சேர்த்துக்கொள்பவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்கிறேன், பிரிகாபலினோடு டிரமடாலோ மதுவோ சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடக்கூடும்.

2021-க்குப் பிறகு இங்கே மருந்து விலை ஏறுவதும் திடீரென்று கிடைக்காமல் போவதும் உங்களுக்குத் தெரியும். பிரிகாபலினையும் டுலோக்செடினையும் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், வியர்க்கும், படபடப்பு வரும். கையில் இரண்டு வார மாத்திரை இருக்கும்போதே அடுத்ததைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் மாற்று மருந்துக்கு டாக்டரைக் கேளுங்கள்.

எல்லா எரிச்சலும் சர்க்கரையால் வருவதும் இல்லை. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்பார்மின் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிட்டால் பி12 குறையலாம், அதிலும் கால் இப்படித்தான் எரியும். நம் நாட்டில் காசநோய் அதிகம். அதற்குத் தரும் ஐசோனியாசிடும் நரம்பைத் தாக்கும், அதனால்தான் கூடவே பி6 கொடுக்கிறோம். அதற்காகப் பி வைட்டமினை மிட்டாய் மாதிரி வருஷக்கணக்கில் விழுங்காதீர்கள், பி6 அளவுக்கு மிஞ்சினாலும் நரம்பு கெடும்.

மருந்து வலியைக் குறைக்கும், செத்த நரம்பைப் பிழைக்க வைக்காது. சிலருக்கு எரிச்சல் தானாக நின்றுவிடும், குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். உணர்ச்சியே போய்விட்டதாலும் வலி நின்றிருக்கலாம். நடக்கும்போது செருப்பு கழன்றதே தெரியவில்லை என்றால் அதுதான் அடையாளம். சித்திரை வெயிலில் ஷ்வேடகோன் பகோடாவின் பளிங்குத் தரையில் வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்தவரின் பாதத்தில் கொப்புளத்தை நான்தான் காட்ட வேண்டியிருந்தது, அவருக்குச் சுட்டதே தெரியவில்லை. நம் கோயில்களில் தீமிதிக்கு நேர்ந்துகொண்ட சர்க்கரைக்காரர்களிடம் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், முதலில் காலைக் காட்டிவிட்டு வாருங்கள். உணர்ச்சி இல்லாத கால் என்றால் நேர்த்திக்கடனை வேறு விதமாகச் செலுத்தலாமா என்று பூசாரியிடம் பேசுங்கள்.

டாக்டரிடம் போகும்போது நீங்கள் போடும் எல்லா மாத்திரையையும், கடைப் பொட்டலம் உட்பட, அட்டையோடு எடுத்துப் போங்கள். கடைசியாகப் பார்த்த கிரியேட்டினின் சீட்டும் இருக்கட்டும். மூத்திரம் போவதில் சிரமம், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், மது உண்டா என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வீட்டில் மாத்திரை எடுத்துத் தருகிற மகனையோ மருமகளையோ கூடவே கூட்டிப் போங்கள்.