யூனிபோம் கழட்டின பிறகு சீவி எழுதிறது: வன்னியில வேலை தேடுற எங்கட ஆக்களுக்கு

வன்னியில என்ர மேசைக்கு வாற சீவியள் (வேலைக்குக் குடுக்கிற சுயவிபரக் கோவையள்) அனேகமா ரெண்டு விதம். ஒண்டில 1998 இல பள்ளிக்கூடத்தால விலகினது எண்டு ஒரு வரி இருக்கும், அடுத்த வரியில 2012 இல மேசன் வேலை எண்டு இருக்கும், இடையில ஒண்டுமே இராது. மற்றதில எந்தப் பிரிவு, எந்த முகாம், என்ன பொறுப்பு, ஆருக்குக் கீழ நிண்டது எண்டு வரிவரியா இருக்கும், ஆனா அந்த ஆளுக்கு என்ன வேலை தெரியும் எண்டு எவ்வளவு தேடினாலும் பிடிபடாது. ரெண்டையும் கொம்பனிக்கு ஆள் எடுக்கிற ஒரு எச்ஆர் பிள்ளை கையில எடுத்தா அரை நிமிசத்தில கீழ வச்சிடும். அந்தப் பிள்ளையில பிழை சொல்லவும் ஏலாது, கொழும்பில இருந்தோ குருநாகலில இருந்தோ இஞ்ச வேலைக்கு வந்த பிள்ளை, 2009 இல அது சின்ன வகுப்பில படிச்சுக்கொண்டு இருந்திருக்கும், எங்கட பிரிவுப் பேரும் தெரியாது சிஎஸ்டி (சிவில் பாதுகாப்புத் திணைக்களம்) எண்டா என்ன எண்டும் தெரியாது, அதுக்குத் தெரிய வேண்டினது இந்த ஆள் நாளைக்கு வந்து என்ன செய்யும் எண்டது மட்டும்தான்.

நான் தொழில் வழிகாட்டல் செய்யிற ஆள், கிளிநொச்சி முல்லைத்தீவுப் பக்கம் ஆக்களோட பக்கத்தில இருந்து சீவி எழுதிறது என்ர வேலையில பெரிய பங்கு. இதை எழுதிறது இயக்கத்தில (விடுதலைப் புலிகளில) இருந்து பிறகு அரச புனர்வாழ்வு முடிச்சு வந்தவைக்கு, அரச கணக்கிலயே அது 12,000 பேரளவு. அதோட சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தில பண்ணையளிலயும் முன்பள்ளியளிலயும் நிண்டு இப்ப வேற வேலைக்கு மாற நினைக்கிறவைக்கு, மிதிவெடி அகற்றிற வேலையில வருசக்கணக்கா நிண்டவைக்கு. 2012 இல கிளிநொச்சிப் பக்கத்தால இராணுவத்தில சேந்த தமிழ்ப் பிள்ளையளில ஆரும் விலகி வந்து வேலை தேடினா அவைக்கும் இது பொருந்தும்.

எல்லாருக்கும் நான் சொல்லுறது, எங்க நிண்டனீங்கள் எண்டதை ஒரு வரியில முடிச்சிட்டு அங்க நிண்டு என்ன செய்தனீங்கள் எண்டதை விரிச்சு எழுதுங்கோ. கேக்க லேசு, இருந்து எழுதேக்கதான் கஷ்டம், ஏனெண்டா கனபேருக்குத் தாங்கள் செய்தது ஒரு தொழில் எண்டே மனசில படுறேல்ல.

முகமாலையில மிதிவெடி அகற்றின ஒரு அக்கா வந்தவ. மனுசன் இல்லை, ரெண்டு பிள்ளையள். அவ கொண்டு வந்த சீவியில அனுபவம் எண்ட இடத்தில "மிதிவெடி அகற்றும் பணியாளர்" எண்டு ஒரே வரி. அக்கா காலமை போனோடன என்ன செய்வீங்கள் எண்டு கேட்டன். "என்னத்தைத் தம்பி, மண்ணைக் கிண்டுறதுதானே" எண்டா. விடாமல் கேக்கக் கேக்கத்தான் ஒவ்வொண்டா வருது. காலமை டிடெக்டரைச் சோதனைத் துண்டு வச்சுப் பாத்து சரியா வேலை செய்யுதோ எண்டு உறுதிப்படுத்திறது, தடி நட்டு எல்லை குறிக்கிறது, சத்தம் வந்த இடத்தைப் பக்கவாட்டால மெல்ல மெல்லக் கிண்டி வாறது, பின்னேரம் எத்தினை சதுர மீற்றர் முடிஞ்சது எண்டு படிவத்தில பதியிறது, ஆருக்கும் காயம் பட்டா எப்பிடி வெளிய எடுத்து அம்புலன்சுக்குக் கொண்டு போறது எண்டு ஒத்திகை செய்யிறது. கடைசி வருசங்களில ஒரு அணிக்குப் பொறுப்பா வேற நிண்டிருக்கிறா, அது சீவியில இல்லவே இல்லை.

அவ கேட்ட வேலை கார்மன்ட்ஸில குவாலிட்டி பாக்கிற வேலை. நாங்கள் திருத்தி எழுதினது இப்பிடி: "சர்வதேச மிதிவெடிச் செயற்பாட்டு நியமங்களின்படி நிலப் பரிசோதனை. தினமும் கருவிச் சோதனை, நாளாந்த வேலைப் பதிவு. அணி மேற்பார்வை. முதலுதவி மற்றும் அவசரகால வெளியேற்றப் பயிற்சி." இதில ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதில்லை, எல்லாம் அவ செய்தது. இன்டர்வியூவில அவவிட்டக் கேட்டது முழுக்க அந்தப் பதிவு எழுதிற விசயமும் அணியைப் பாத்த விசயமும்தான், மண் கிண்டினதைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்ல.

மிதிவெடி வேலையில இப்ப இருக்கிற ஆக்களுக்கு இன்னொரு விசயம். இலங்கை 2017 டிசம்பரில மிதிவெடியைத் தடை செய்யிற ஒட்டாவா உடன்படிக்கையில சேந்தது, அதின்படி நிலம் துப்பரவாக்கி முடிக்க 2028 ஜூன் 1 வரை தவணை. ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ், சார்ப் எண்டு எந்த நிறுவனத்தில நிண்டாலும் சரி, இது ஒரு நாள் முடியிற வேலை, முடியத்தான் வேணும். அதால வேலையில இருக்கேக்கயே சேவைக் கடிதம், பயிற்சிச் சான்றிதழ், முதலுதவிச் சான்றிதழ் எல்லாத்தையும் வாங்கி ஒரு பைலில போட்டு வையுங்கோ. திட்டம் முடிஞ்சு ஒபிஸ் பூட்டினாப் பிறகு கடிதம் தர ஆளைத் தேடி அலையிறது பெரிய பாடு.

சிஎஸ்டியில முன்பள்ளி ரீச்சரா இருந்த தங்கச்சியவைக்கு வேலை லேசு. நீங்கள் முன்பள்ளி ஆசிரியை, அதை முதல் போடுங்கோ, எத்தினை பிள்ளையளுக்கு எத்தினை வருசம் படிப்பிச்சனீங்கள் எண்டு போடுங்கோ, திணைக்களத்தின்ர பேர் சம்பளம் தந்த இடமா அடுத்த வரியில வந்தாக் காணும். பண்ணையில நிண்டவையும் அப்பிடித்தான். சொட்டு நீர்ப்பாசனம், நாற்று மேடை, மாடு, கணக்குக் கொப்பி, எதில கை வச்சனீங்களோ அதை எழுதுங்கோ.

இனி எல்லாரும் குரலைக் குறைச்சுக் கேக்கிற கேள்வி. இயக்கத்தில இருந்ததை எழுதிறதோ விடுறதோ?

நான் சொல்லுறது, படையணி, தகட்டு இலக்கம், தரம், எந்தச் சண்டை எண்ட ஒண்டும் சீவிக்குத் தேவையில்லை, வேலைக்குச் சம்பந்தமில்லாத எதையும் ஆரும் சீவியில போடத் தேவையில்லை. ஆனா பொய் மட்டும் எழுதாதேங்கோ. துபாயில வேலை செய்தது எண்டு எழுதிக்கொண்டு வந்த தம்பி ஒருத்தனிட்ட பழைய பாஸ்போட் இருக்கோ எண்டு கேக்க முகம் கறுத்துப் போச்சு. எங்கட சீவியள் எல்லாத்திலயும் கீழ "மேற்கூறிய விபரங்கள் யாவும் உண்மை" எண்டு ஒரு வரி போட்டுக் கையெழுத்து வைக்கிறனாங்கள், பிறகு ஒரு நாள் பிடிபட்டா அந்தக் கையெழுத்தாலயே வேலை போகும். பயத்தில செய்யிறியள் எண்டு எனக்கு விளங்குது, வீட்டுக்கு வந்து விசாரிச்சுப் போன அனுபவம் உள்ள ஆக்களிட்டப் பயப்பிடாதேங்கோ எண்டு நான் வாயால சொல்ல ஏலாது. ஆனா உண்மையையே பயமில்லாத மாதிரி எழுத வழி இருக்கு.

இயக்கத்தின்ர வாகனப் பகுதியில நிண்ட ஒரு அண்ணை, இப்ப புதுக்குடியிருப்புப் பக்கம் கராஜ் ஒண்டில நாள் கூலிக்கு நிக்கிறார், எழுதினது "2001 தொடக்கம் 2009 வரை: டீசல் எஞ்சின், கியர்பொக்ஸ், டைனமோ திருத்த வேலை, வன்னி." அவ்வளவுதான். முழுக்க உண்மை, ஒரு முதலாளிக்குப் போதுமான விபரம். பெற்றோல் தடை இருந்த காலத்தில மண்ணெண்ணையில மோட்டச்சைக்கிள் ஓட வச்ச கையள் இது, உதிரிப்பாகம் இல்லாமல் பழசைத் திருத்தித் திருத்தி ஓட்டின கையள், அதை வெறும் இடமா விட்டா எனக்கே மனம் பொறுக்குதில்லை. புனர்வாழ்வில மேசன், தச்சு, தையல், கொம்பியூட்டர் எண்டு பழகினதைத் தொழிற்பயிற்சி எண்ட தலைப்பில வருசத்தோட போடுங்கோ. விடுவிப்புக் கடிதத்தை முதலே இணைக்கத் தேவையில்லை, கேட்டாக் காட்டலாம். அரச வேலைப் படிவம் எண்டா கதை வேற, அதில கேட்ட கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ.

பெண்பிள்ளையள் இன்னும் கூட மறைக்கிறவை. கனரக வாகனம் ஓடினவ, வெல்டிங் தெரிஞ்சவ, காயக்காரரைப் பராமரிச்சவ, எல்லாரும் சீவியில "தையல்" எண்டு ஒரு சொல்லோட நிப்பாட்டுவினம், ஏனெண்டா கலியாண வீட்டில கூட அந்தக் கதை வரக்கூடாது எண்டு வீட்டில சொல்லி வச்சிருப்பினம். ஊருக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம், வேலை தாற இடத்துக்குத் தொழிலை மட்டும் சொல்லுங்கோ. காயக்காரரைப் பாத்தவை ஆஸ்பத்திரியிலயோ முதியோர் இல்லத்திலயோ உதவியாளர் வேலைக்குப் போட ஏலும், ஆனா வைத்தியர் தாதி எண்ட பேரை மட்டும் பாவிக்காதேங்கோ, பதிவு இல்லாமல் அதைப் போட்டாச் சட்டச் சிக்கல்.

காலோ கையோ கண்ணோ இழந்தவைக்கு ஒண்டு. 1988 ஆம் ஆண்டின் 27/88 பொது நிர்வாகச் சுற்றறிக்கையில அரச வேலை வெற்றிடங்களில 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு எண்டு இருக்கு. நடைமுறையில இழுபடும்தான், அதுக்காகச் சும்மா இருக்காதேங்கோ, விண்ணப்பத்தில வைத்திய அறிக்கையோட அந்தச் சுற்றறிக்கை இலக்கத்தையும் எழுதிப் போடுங்கோ. தனியார் இடமெண்டா என்ன ஏலாது எண்டு தொடங்காமல் என்ன ஏலும் எண்டு எழுதுங்கோ, இருந்து செய்யிற வேலை எண்டா முழுநாளும் செய்வன் எண்டு எழுதலாம், செயற்கைக் காலோட டிப்பர் திருத்திற ஆக்கள் எங்களிட்ட இருக்கினம்.

சான்றிதழ் இல்லை எண்டு தலையில கை வைக்கிறவைக்கு என்விகியூ இருக்கு. வகுப்புக்குப் போகாமலே, ஏற்கனவே தெரிஞ்ச வேலையைச் செய்து காட்டி தேசிய தொழிற் தகைமை எடுக்கலாம், முன்கற்றலை அங்கீகரிக்கிறது எண்டு அதுக்குப் பேர். நைட்டா, வி.ரி.ஏ எண்ட அரச தொழிற்பயிற்சி நிறுவனங்களில போய் கேளுங்கோ. செய்த வேலையளின்ர போட்டோ, முதலாளியின்ர கடிதம், பில்லுத் துண்டு எண்டு ஆதாரங்களை ஒரு பைலாச் சேர்க்க வேணும், பிறகு மதிப்பீட்டாளர் வந்து கேள்வியும் கேட்டு வேலையும் செய்விச்சுப் பாப்பார். லெவல் 4 கிடைச்சா நீங்கள் முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளி எண்டு அர்த்தம், அதுக்கு மேல 5, 6 டிப்ளோமா. மேல சொன்ன கராஜ் அண்ணை இப்ப அந்தப் பைலைத்தான் சேர்த்துக்கொண்டு இருக்கிறார். பிள்ளையளுக்கும் சொல்லுங்கோ, அறிவியல்நகரில இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கு, பக்கத்திலயே.

இடம்பெயரேக்க பத்திரங்கள் துலைஞ்சவை, பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகம், ஓஎல் பெறுபேற்றுக்குப் பரீட்சைத் திணைக்களத்துக்கு ஒன்லைனில போடலாம். அது வரும் வரைக்கும் "சாதாரண தரம் வரை" எண்டு எழுதினாக் காணும்.

சீவியை ரைப் அடிக்கிற விசயத்திலயும் கொஞ்சம் கவனம். கொமினிகேசன் கடையில குடுத்தா அவை ஆரோ ஒருத்தரின்ர பழைய சீவியைத் திறந்து பேரை மாத்தித் தருவினம், போன ஆளின்ர பொழுதுபோக்கு, உயரம் எல்லாம் உங்கட சீவியில கிடக்கும், வாசிச்சுப் பாத்து வாங்குங்கோ. பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்ச பைலை அப்பிடியே ஈமெயில் பண்ணினா மற்றப் பக்கம் திறக்கேக்க வெறும் இங்கிலிஷ் எழுத்துக் குப்பையாத்தான் தெரியும், எனக்கே எத்தினையோ அப்பிடி வந்திருக்கு, பிடிஎப் ஆக்கித் தரச் சொல்லுங்கோ. ரெண்டு பக்கத்துக்கு மேல வேண்டாம். போன் நம்பர் உங்கட கையில இருக்கிற நம்பரா இருக்க வேணும், மச்சானின்ர நம்பரைப் போட்டு இன்டர்வியூக்குக் கூப்பிட்டது தெரியாமல் போனவை இருக்கினம்.

மொழி எண்ட இடத்தில கனபேர் தமிழ் மட்டும் போடுவினம். தடுப்பில இருந்த காலத்தில சிங்களம் பேசப் பழகினவை எத்தினை பேர், எழுத வராட்டியும் "சிங்களம்: பேசுவேன்" எண்டு போடுங்கோ, ஏ9 வீதி ஓரத்தில இருக்கிற எந்தக் கொம்பனிக்கும் அது பெரிய விசயம்.

உறவினரல்லாத ரெண்டு பேர் எண்டு கேக்கிற இடத்துக்குப் பழைய பொறுப்பாளரைப் போடாதேங்கோ, இப்ப உங்களைத் தினம் காணுற ஆளைப் போடுங்கோ, கராஜ் முதலாளி, பிள்ளையின்ர பள்ளிக்கூட அதிபர், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர். போட முதல் அவையிட்டக் கேளுங்கோ, போன் வந்தா என்ன சொல்ல வேணும் எண்டும் சொல்லி வையுங்கோ.

இன்டர்வியூவில அந்த வருசங்களைப் பற்றி நேராக் கேட்டா என்ன சொல்லுறது எண்டு வீட்டிலயே தீர்மானிச்சுக்கொண்டு போங்கோ. நான் பழக்கிவிடுறது இதுதான்: "சண்டைக் காலம் முழுக்க வன்னியிலதான் இருந்தனான், வாகனத் திருத்த வேலையில நிண்டனான், 2011 இல புனர்வாழ்வு முடிச்சு வந்தனான், அதுக்குப் பிறகு இந்தக் கராஜில நிக்கிறன், முதலாளியின்ர நம்பர் சீவியில இருக்கு." இவ்வளவையும் ஆளின்ர முகத்தைப் பாத்துச் சொல்லிட்டு நிப்பாட்டுங்கோ. மேல விளக்கம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அடுத்த கேள்வி அனேகமா எஞ்சினைப் பற்றித்தான் வரும், அதுக்குப் பதில் உங்களுக்குத் தெரியும்.